என் போட்டோ அங்கே எப்படிப் போனது? கைப்பேசிப் படங்களும் கிளவுடும்: கேள்வி பதில்

சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு "போன் பார்க்கிற ஆள்" என்று ஒரு பெயர் உண்டு. ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது, வாட்ஸ்அப் திறக்க மாட்டேன் என்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது வந்துவிடுவார்கள். சில வருடங்களாக இன்னொரு கேள்வியும் வருகிறது. மற்றவர்கள் எழுந்து போனபிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி: "நான் எடுத்த படம் வேறு எங்கேயோ தெரியுது. யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?"

என்னிடம் வந்த வரைக்கும் ஒன்றுகூட ஹேக் இல்லை. எப்போதோ யாரோ "சரி" என்று அழுத்திவிட்டு மறந்த ஒரு பட்டன்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அப்படி வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், தேடினால் கிடைத்துவிடும்.

நான் எதையும் ஏற்றவே இல்லையே, படம் எப்படிக் கிளவுடுக்குப் போனது?

புதுப் போன் வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். கடையிலேயே பையன் சிம்மைப் போட்டு, ஜிமெயில் கணக்கைத் திறந்து, வருகிற ஒவ்வொரு திரையிலும் நீல பட்டனை அழுத்திக்கொண்டே போயிருப்பான். அந்தத் திரைகளில் ஒன்று, "படங்களைப் பேக்கப் செய்யட்டுமா?" என்று கேட்டிருக்கும். அன்றைக்கு ஆன் ஆனதுதான். அதன்பிறகு கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படமும், இணையம் கிடைத்ததும் தானாக மேலே, அதாவது கிளவுட் எனப்படும் கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த வேலையைச் செய்யும் கூகுள் போட்டோஸ் ஆப் 2015இல் வந்தது. 2021 ஜூன் 1 வரை, கொஞ்சம் சுருக்கப்பட்ட தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்தக் காலத்தில் ஆன் செய்து மறந்தவர்கள் ஏராளம். ஐந்தாறு போன் மாற்றியிருப்பீர்கள். கணக்கு ஒன்றேதான் என்றால் முதல் போனில் எடுத்த படமும் இன்றைக்கும் அங்கேயே கிடக்கும்.

பேக்கப், சிங்க் இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல் எதையும் அழிக்கப் போகாதீர்கள்.

ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துப் பீரோவில் வைப்பது மாதிரி பேக்கப். அசல் தொலைந்தாலும் நகல் இருக்கும். சிங்க் என்பது வங்கியில் கூட்டுக் கணக்கு மாதிரி. யார் எடுத்தாலும் எல்லாருக்கும் இருப்பு குறையும். ஐபோனில் உள்ள ஐகிளவுட் போட்டோஸ் அசல் சிங்க்: போனில் ஒரு படத்தை அழித்தால் ஐபேடிலும் போகும், கிளவுடிலும் போகும்.

கூகுள் போட்டோஸ் தன்னைப் பேக்கப் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அந்த ஆப்பில் ஏற்கெனவே பேக்கப் ஆன படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். அதே ஆப்பில் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்பதை அழுத்தினால் போனில் மட்டும் போகும், கிளவுடில் இருக்கும். இரண்டு பட்டனும் பார்க்க ஒரே வேலை செய்வதுபோல இருக்கும். "போனில் அழிச்சிட்டேன், இனி எங்கேயும் இல்லை" என்று நிம்மதியாக இருப்பவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டாவது பட்டனை அழுத்தியவர்கள்.

வீட்டு டிவியில் என் அந்தரங்கப் படம் ஓடியது. எப்படி?

இது எனக்கே நடந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வயிற்றில் தையல் ஆறுகிறதா என்று டாக்டருக்கு அனுப்ப நாலைந்து படம் எடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். டிவி சும்மா இருந்தது. திரையில் மலை, அருவி, அப்புறம் எங்கள் பெண்ணின் பிறந்தநாள், அப்புறம் ஆளுயரத்துக்கு என் வயிறு. மாமியார் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

தீபாவளிக்குப் பாட்டு போட அந்த டிவியில் என் கணக்கைத் திறந்தது நான்தான். சும்மா இருக்கும்போது சொந்தப் படங்களை ஓட்டும் வசதியைப் பிள்ளைகளில் யாரோ ஆன் செய்திருக்கிறார்கள். தப்பு டிவியுடையதும் இல்லை, பிள்ளைகளுடையதும் இல்லை.

கிளவுட் என்றதும் எங்கோ ஒரு சர்வர் ரூமை நினைத்துப் பயப்படுகிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது, நம் கணக்கு திறந்திருக்கிற பக்கத்துத் திரைகளை: பிள்ளையின் டேப்லெட், ஆபீஸ் கம்ப்யூட்டரின் பிரவுசர், தம்பிக்குக் கொடுத்த பழைய போன், மாமனார் வீட்டு டிவி.

என் கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போனால் "யுவர் டிவைசஸ்" என்று ஒரு பட்டியல் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்து உங்கள் பெயரைத் தொட்டு, கீழே வரை தள்ளிப் பாருங்கள். அடையாளம் தெரியாததையும், உங்கள் கையில் இப்போது இல்லாததையும் வெளியேற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டு போக இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) ஆன் செய்யுங்கள்.

கூகுள் போட்டோஸில் "பார்ட்னர் ஷேரிங்" என்று ஒன்று உண்டு. ஒருமுறை ஆன் செய்தால், நீங்கள் எடுப்பதெல்லாம் குறிப்பிட்ட ஒருவருக்குத் தானாகவே தெரியும். புதிதாகக் கல்யாணம் ஆனபோது ஆசையாக ஆன் செய்து, பிறகு பேச்சுவார்த்தை நின்றபோது ஆஃப் செய்ய மறந்தவர்கள் உண்டு. ஷேரிங் செட்டிங்ஸில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் எப்படி நிறுத்துவது? ஆப்பையே தூக்கிவிட்டால் போதாதா?

போதும் என்று நம்பாதீர்கள். கூகுள் போட்டோஸ் வந்த புதிதில், 2015இலேயே, ஆப்பை நீக்கிய பிறகும் படங்கள் மேலே போய்க்கொண்டிருந்தது செய்தியானது. சுவிட்ச் ஆப்பில் இல்லாமல் போனுக்குள் இருக்கும் கூகுள் ப்ளே சர்வீசஸில் இருந்ததுதான் காரணம். முதலில் சுவிட்சை அணையுங்கள், ஆப்பை நீக்குவது அப்புறம்.

கூகுள் போட்டோஸைத் திறந்து, மேல் மூலையில் உள்ள உங்கள் முகப்படத்தைத் தொட்டு, போட்டோஸ் செட்டிங்ஸ், அதில் பேக்கப். அங்கே ஆஃப் செய்யுங்கள். போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால் எந்தக் கணக்குக்குப் போகிறது என்றும் அங்கேயே தெரியும். அதைக் கட்டாயம் பாருங்கள். ஆபீஸ் கணக்குக்குச் சொந்தப் படம் போய்க்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

முழுக்க நிறுத்த வேண்டாம் என்றால், அதே இடத்தில் "பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்" இருக்கும். வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் என்று ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனிச் சுவிட்ச். பேக்கப் ஆனில் இருக்கும்வரை கேமரா ஃபோல்டர் மட்டும் போய்த்தான் தீரும், அதைத் தனியாக நிறுத்த முடியாது. ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டரை நான் எல்லார் போனிலும் ஆஃப் செய்துவிடுவேன். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், சண்டையின்போது எடுத்து வைத்த சாட் என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். கூகுள் போட்டோஸ் படத்தில் உள்ள எழுத்தையும் படிக்கும். தேடலில் "ஆதார்" என்று தட்டிப் பாருங்கள், வந்து நிற்கும்.

கூகுளை நிறுத்தியாயிற்று என்று எழுந்துவிடாதீர்கள். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், அமேசான் போட்டோஸ் ஆகியவற்றுக்கும் கேமராப் படங்களைத் தானாக ஏற்றும் சுவிட்ச் உண்டு. சாம்சங் போன்களில் கேலரி ஆப்பின் செட்டிங்ஸிலேயே ஒன்டிரைவ் சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுத்திவிட்டேன். ஏற்கெனவே மேலே போனவற்றை என்ன செய்வது?

சுவிட்சை அணைத்தால் இனிமேல் எடுப்பது போகாது, அவ்வளவுதான். போனது அங்கேயே இருக்கும். அவசரப்பட்டு ஆப்பில் எல்லாவற்றையும் தேர்வு செய்து அழித்துவிடாதீர்கள். என் அத்தை மகள் அப்படிச் செய்து, பிரசவ நாள் படங்களை இழக்க இருந்தாள். கூகுளில் பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும் என்பதால் தப்பித்தாள். பேக்கப் ஆகாத படத்துக்கு 30 நாள்தான்.

நான் செய்கிற முறை இது. வேண்டிய படங்களை முதலில் கம்ப்யூட்டருக்கோ பென்டிரைவுக்கோ காப்பி எடுத்துவிடுவேன். அங்கே படங்கள் முழுதாகத் திறக்கின்றனவா என்று நாலைந்தைத் திறந்து பார்ப்பேன். பிறகு பேக்கப்பை ஆஃப் செய்வேன். அதன்பின் கம்ப்யூட்டர் பிரவுசரில் கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்து, அங்கிருந்து அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்வேன். புதிய பதிப்புகளில் பேக்கப் செட்டிங்ஸுக்குள்ளேயே "அன்டூ பேக்கப்" என்று ஒரு வசதி வந்திருக்கிறது. போனில் உள்ளதை விட்டுவிட்டு, அந்தப் போனில் உள்ள படங்களின் கிளவுட் நகல்களை மட்டும் நீக்கும். அது இருந்தால் வேலை சுலபம். அப்போதும் முதலில் காப்பி எடுங்கள்.

ஐபோனில்?

செட்டிங்ஸ், உங்கள் பெயர், ஐகிளவுட், போட்டோஸ், "சிங்க் திஸ் ஐபோன்". சுவிட்ச் அங்கே. ஆனால் தொடும் முன் அதற்குக் கீழே "ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்" டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் உங்கள் போனில் இருப்பது சின்ன நகல், அசல் கிளவுடில் இருக்கிறது. அந்த நிலையில் சிங்கை அணைத்தால் போனில் படமே இல்லாமல் போகலாம். முதலில் "டவுன்லோட் அண்ட் கீப் ஒரிஜினல்ஸ்" என்று மாற்றி, எல்லாம் இறங்கி முடிக்கும்வரை காத்திருங்கள். ஆயிரக்கணக்கில் படம் இருந்தால் ஒரு ராத்திரி சார்ஜில் போட்டு விட்டுவிடுங்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. ஐகிளவுட் போட்டோஸ் வேறு, ஐகிளவுட் பேக்கப் வேறு. போட்டோஸ் சிங்கை அணைத்து, பேக்கப்பை ஆனிலேயே விட்டால், போனின் படங்கள் அந்தப் பேக்கப்போடு சேர்ந்து மேலே போகும்! முன் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. பேக்கப் பட்டியலில் உங்கள் ஐபோனைத் தொட்டு, உள்ளே "போட்டோ லைப்ரரி" என்பதையும் ஆஃப் செய்யுங்கள்.

ஐபோனில் கூகுள் போட்டோஸ் ஆப்பும் இருந்தால் அது தனியாக இன்னொரு நகலை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஐபோனின் ஹிடன் ஆல்பத்தில் போட்டால் கிளவுடுக்குப் போகாதா?

போகும். அது கண்ணுக்கு மறைக்கும் திரை மட்டும்தான். 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் முகம் அல்லது விரல்ரேகை கேட்டுத் திறக்கிறது. ஆனால் சிங்க் ஆனில் இருந்தால் ஹிடன் ஆல்பமும் சேர்ந்தே போகும்.

கூகுள் போட்டோஸின் லாக்டு ஃபோல்டர், சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டர் இவற்றை நம்பலாமா?

நம்பலாம், நிபந்தனையோடு. லாக்டு ஃபோல்டரில் உள்ள படம் கேலரியிலும் மற்ற ஆப்களிலும் தெரியாது. ஏற்கெனவே பேக்கப் ஆன படத்தை, லாக்டு ஃபோல்டரின் பேக்கப் ஆஃபில் இருக்கும்போது அங்கே நகர்த்தினால் கிளவுட் நகல் போய்விடும். ஆரம்பத்தில் அது போனில் மட்டுமே இருந்தது, 2023 முதல் விரும்பினால் பேக்கப் செய்துகொள்ளலாம் என்று வந்தது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆனால் வேண்டாம் என்றால், அந்தப் படம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆப்பை நீக்கினாலோ, அதன் டேட்டாவை அழித்தாலோ, போன் தண்ணீரில் விழுந்தாலோ போனதுதான். திரும்பி வராது.

கால்குலேட்டர் வேஷம் போட்ட "வால்ட்" ஆப்களை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. எழுதியவர் யார், படத்தை எங்கே வைக்கிறார் என்று தெரியாத ஒரு ஆப்பிடம் போய், இருப்பதிலேயே அந்தரங்கமான படங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

டெலிகிராமில் "சேவ்டு மெசேஜஸ்"க்கு அனுப்பி வைத்துக்கொள்கிறேன். அது பத்திரம்தானே?

அதுவும் கிளவுட்தான். டெலிகிராமின் சாதாரண அரட்டைகளும் சேவ்டு மெசேஜஸும் அதன் சர்வர்களில் இருப்பவை. உங்கள் கணக்கு திறந்திருக்கும் எல்லா இடத்திலும் தெரியும். சீக்ரெட் சாட் மட்டும் விதிவிலக்கு.

வாட்ஸ்அப்பில் வந்த, அனுப்பிய படங்கள்?

மூன்று வழியில் மேலே போகும். ஒன்று, கேலரியில் சேமிக்கப்பட்டு அங்கிருந்து கூகுளுக்கோ ஐகிளவுடுக்கோ போவது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸுக்குள் "மீடியா விசிபிலிட்டி"யை அணையுங்கள், ஐபோனில் "சேவ் டு போட்டோஸ்". ஐபோன்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அங்கே வாட்ஸ்அப் படமும் கேமராப் படமும் ஒரே குவியலில் விழுவதால் தனித்தனியாகப் பிரித்து நிறுத்த வழியில்லை.

இரண்டு, வாட்ஸ்அப்பின் சொந்தப் பேக்கப். அதில் படங்களும் அடக்கம். 2021 அக்டோபரிலிருந்து இதைப் பாஸ்வேர்டு போட்டு முழு மறையாக்கம் செய்யும் (வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும்) வசதி இருக்கிறது, ஆனால் நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும். சாட் பேக்கப் பக்கத்திலேயே கீழே இருக்கும். பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது. நோட்டில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது நம் கையில் இல்லை: வாங்கியவரின் போன். நீங்கள் எல்லாச் சுவிட்சையும் அணைத்தாலும், குடும்பக் குரூப்பில் போட்ட படம் நாற்பது பேர் போனில் இறங்கி, அவரவர் கிளவுடுக்குப் போகும். அந்தரங்கமானதை ஒருவருக்கு மட்டும், "வியூ ஒன்ஸ்" வைத்து அனுப்புங்கள். அது கேலரியில் சேராது. எதிரில் இருப்பவர் இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்தால் அதைத் தடுக்க எந்த ஆப்பாலும் முடியாது.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் படம் கேட்கிறார். எடுக்கலாமா?

எடுங்கள், ஆனால் பேக்கப்பை அணைத்துவிட்டு எடுங்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 2021 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தந்தை, மகனின் பிறப்புறுப்புப் பகுதியில் வீக்கம் இருந்ததால், மருத்துவமனை கேட்டபடி படம் எடுத்தார். படம் தானாகக் கூகுளுக்குப் போனது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படங்களைத் தேடும் கூகுளின் தானியங்கிச் சோதனை அதைப் பிடித்துக் கணக்கை முடக்கிவிட்டது. மெயில், தொடர்பு எண்கள், மகனின் முதல் சில வருடப் படங்கள் எல்லாம் போயின. கூகுளின் தொலைபேசிச் சேவையை வைத்திருந்ததால் போன் நம்பரும் போனது. காவல்துறை விசாரித்துக் குற்றம் எதுவும் இல்லை என்று முடித்தது. அப்படியும் கணக்கு திரும்பி வரவில்லை. 2022இல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது.

அந்தச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை, அது எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றுகிற வேலை. ஆனால் டாக்டருக்கு எடுத்த படம் எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

அப்படியானால் கிளவுடே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டு, செத்துப்போன அப்பாவின் கடைசிப் படம் அதில்தான் இருந்தது என்று வந்து உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கல்யாணம், கோயில், குழந்தை போன்ற படங்கள் தாராளமாக மேலே இருக்கட்டும். அந்தரங்கமானது எது என்று நீங்கள் முடிவு செய்து அதை மட்டும் வெளியே வையுங்கள்.

ஆப்பிள் 2022 டிசம்பரில் "அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன்" கொண்டுவந்தது. அதை ஆன் செய்தால் ஐகிளவுடில் உள்ள படங்களை ஆப்பிளாலும் பார்க்க முடியாது. நல்ல வசதிதான். ஆனால் உங்கள் ஐபேட் பிள்ளை கையில் திறந்திருந்தால் பிள்ளை பார்க்கத்தான் போகிறது.

பழைய போனைப் பையனுக்குக் கொடுக்கிறேன்.

முதலில் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குவது). பையனுக்குத் தனிக் கணக்கு. "இப்போதைக்கு என் கணக்கிலேயே இருக்கட்டும்" என்று விட்டால், உங்கள் படம் அவனுக்கும் அவன் படம் உங்களுக்கும் வரும்.

படம் ஏற்கெனவே வேறு ஒருவர் கைக்குப் போய், அவர் மிரட்டுகிறார். என்ன செய்வது?

பணம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த முறை அதிகம் கேட்பார். இந்தியாவில் இருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

18 வயது நிறைந்தவர்களுக்கு "ஸ்டாப் என்சிஐஐ" (StopNCII) என்ற இலவசத் தளமும் இருக்கிறது. பிரிட்டனில் இருந்து நடத்தப்படுகிறது, 2021இல் தொடங்கியது. படத்தை அதற்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி குறியீடு உருவாகி அது மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போல அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படம் ஏறினால் அடையாளம் கண்டு தடுப்பார்கள்.

மிரட்டல் மெசேஜ்களை வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள். எண், நேரம், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டரை அணைக்கச் சொன்னேன் அல்லவா? இதற்கு மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். அவர் போனைப் பிடுங்கி உடைத்தாலும் அது மேலே இருக்கும்.